இனிப்பும் புளிப்பும் ஒரே தட்டில்

இன்று நம் சிற்றூர்ப் பேருந்து நிலையங்களிற்கூட மாலை மயங்கும் வேளையில் தள்ளுவண்டியொன்றின் மேல் பெரிய இரும்புச் சட்டி ஏறுகிறது. அடுப்பு சீறுகிறது. "சைனீஸ்" என்று எழுதிய பலகையின் கீழ் நின்று, காகிதத் தட்டில் வாங்கி, ஊதி ஊதி உண்கிறோம். அந்தச் சுவை எங்கிருந்து வந்தது, யார் கைகளைக் கடந்து வந்தது என்று நின்று கேட்பவர் நம்முள் மிகச் சிலரே. உணவுக்கு வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அரசர்களின் வரலாறு கல்லில் நிற்கிறது. சமையற்காரர்களின் வரலாறோ நாவில் மட்டுமே நிற்கிறது.

சீன உணவென்று உலகம் அறிந்தவற்றுள் மிகப் பரவலானது ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். கான்டனிய மொழியில் அதனைக் 'கூ லோ யுக்' என்பர். பன்றி இறைச்சியைப் பொரித்து, இனிப்பும் புளிப்பும் கலந்த செந்நிறக் குழம்பில் புரட்டி எடுப்பதே அது. இலண்டன் முதல் சிட்னி வரை சீன உணவகங்களின் பட்டியலில் அதற்கு இடமுண்டு. ஆயினும், "இது உண்மையான சீன உணவன்று; வெள்ளையர் நாக்குக்காகச் செய்யப்பட்ட போலி" என்று முகம் சுளிப்போரும் உளர். இந்தக் குற்றச்சாட்டு சரிதானா? இதற்கு விடை தேடப் புகுந்தால் ஒரு சட்டிக்குள் பல நாடுகளையும் பல காயங்களையும் காண்போம்.

முதலில் அடுப்பங்கரைக்கே செல்வோம். இது வீட்டிலேயே செய்யத்தக்க உணவுதான். அரைக் கிலோ பன்றி இறைச்சி போதும். சற்றே கொழுப்போடிய தோள்பட்டைப் பகுதி ஏற்றது. வெறும் சதையாக இருந்தால் பொரித்தபின் வறண்டுவிடும். ஓரங்குலத் துண்டுகளாக நறுக்கி, உப்பும் சிறிது சோயா சாறும் பிசறி அரைமணி நேரம் வைக்க வேண்டும். பின்னர் ஒரு முட்டையை அடித்து அதில் கலந்து, ஒவ்வொரு துண்டையும் சோளமாவில் நன்கு புரட்டி எண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டும். ஒருமுறை பொரித்தால் போதாது. முதற்பொரிப்பு மிதமான சூட்டில் இறைச்சியின் உள்ளே வேகச் செய்கிறது. எடுத்துச் சிறிது நேரம் ஆறவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் மேற்புறத்துக்கு வருகிறது. மிகுந்த சூட்டில் செய்யும் இரண்டாம் பொரிப்பு அந்த ஈரத்தை விரட்டி, மேலோட்டை மொறுமொறுப்பாக்குகிறது.

குழம்புக்கு நான்கு மேசைக்கரண்டி காடி, அதே அளவு சர்க்கரை, மூன்று கரண்டி தக்காளிச் சாஸ், சிறிது சோயா சாறு, ஒரு சிட்டிகை உப்பு. வினிகர் என்று கடைகளில் விற்கும் காடியே இது. அரிசியிலிருந்து வடித்ததாயின் மிக நன்று. வெங்காயம், குடைமிளகாய், அன்னாசித் துண்டுகள் ஆகியவற்றை மிகுந்த தீயில் ஒருகணம் வதக்கிக் குழம்பை ஊற்ற வேண்டும். அது கொதித்துப் பளபளப்பானதும் பொரித்த துண்டுகளைப் போட்டு, நான்கைந்து முறை புரட்டி உடனே இறக்கிவிட வேண்டும். பச்சை அன்னாசியை இறைச்சியோடு நெடுநேரம் ஊற வைத்தல் கூடாது. அதிலுள்ள ஒரு நொதி இறைச்சியின் புரதத்தைச் சிதைத்துக் கூழாக்கிவிடும். நன்கு சூடேறினால் அந்நொதி செயலிழக்கும். உண்டு முடித்தபின் தட்டில் குழம்பு தேங்கி நிற்காமல், துண்டுகளையே பற்றியிருக்க வேண்டும் என்பது கான்டனியச் சமையலார் வைக்கும் அளவுகோல்.

இத்துணை எளிய செய்முறைக்குள் எத்தனை நூற்றாண்டுகள் அடங்கியுள்ளன என்பதை இனிக் காண்போம்.

சீன எழுத்தில் 'வீடு' என்பதைக் குறிக்கும் வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால், மேலே கூரையும் அதன் கீழே பன்றியும் இருக்கக் காணலாம். பன்றி சீனத்தில் 8,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதனோடு வாழ்ந்து வரும் விலங்கு. உழவனின் கழிவையும் தவிட்டையும் உண்டு, அவன் வயலுக்கு எருவும் அவன் விழாவுக்கு இறைச்சியும் தந்தது அது. ஆகவே, சீன மொழியில் வெறுமனே 'இறைச்சி' என்றாலே பெரும்பாலும் பன்றி இறைச்சியையே குறிக்கும்.

சுவைகளைக் கலக்கும் கலையும் அங்கே தொன்மையானது. சர்க்கரையும் காடியும் பெருகுவதற்கு முன்னரே உப்பும் புளிப்பு வாதுமைப் பழமும் சீனச் சமையலின் இரு கண்களாயிருந்தன. நல்லமைச்சனை அரசன் குழம்புக்கு உப்பும் பழமும் போன்றவன் என்று கருதும் வழக்கு அவர்தம் பழைய நூல்களில் உண்டு. இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சி நினைக்கத்தக்கது. கி.மு. 522-ஆம் ஆண்டு நிகழ்ந்ததாக 'சுவோ சுவான்' என்னும் பழைய வரலாற்று நூல் அதனைப் பதிவு செய்கிறது. ச்சி நாட்டு மன்னன் தனக்கு வேண்டிய ஒருவனைச் சுட்டி, அவன் ஒருவனே தன்னோடு இசைந்திருப்பவன் என்று மகிழ்கிறான். அமைச்சர் யான் யிங் மறுக்கிறார். அவன் மன்னனைப் போலவே பேசுகிறானேயன்றி மன்னனோடு இசையவில்லை என்கிறார். இசைவு என்பதை விளக்கக் குழம்பையே எடுத்துக்காட்டாக்குகிறார். நீர், நெருப்பு, காடி, உப்பு, பழம், மீன், இறைச்சி என ஒன்றுக்கொன்று வேறானவை கூடிக் குறைந்ததை நிரப்பி மிகுந்ததைத் தணிக்கும்போதுதான் குழம்பு பிறக்கிறது. தண்ணீரோடு தண்ணீரைச் சேர்த்தால் அதை யார் உண்பார் என்பது அவர் வாதத்தின் சாரம். மன்னன் சரியென்பதில் உள்ள பிழையை எடுத்துச் சொல்பவனே அவனோடு இசைந்தவன் என்று முடிக்கிறார். ஒருமைப்பாடு என்ற பெயரில் எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க முற்படுவோர் படிக்க வேண்டிய பாடம் இது.

அடுத்து, சர்க்கரை. கரும்பைப் பற்றிய பேச்சு நம் பழந்தமிழுக்குப் புதிதன்று. அதியமானின் முன்னோரே அரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்ற செய்தி புறநானூற்றில் உள்ளது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணிகளாக்கும் நுட்பத்தில் பண்டைய இந்தியா சிறந்து விளங்கியது. கி.பி. 647-இல் தாங் பேரரசர் தாய்சோங், மகத நாட்டுக்கு ஆள் அனுப்பி இந்நுட்பத்தைக் கற்றுவரச் செய்தார் என்று சீன அரச வரலாறு கூறுகிறது. பௌத்தத் துறவியர் நடந்த அதே வழியில் சர்க்கரைக் கலையும் நடந்தது. பின்னாளில் சீனர் அக்கலையை வளர்த்து, வெண்மையான சர்க்கரையைச் செய்து கடல்வழி அனுப்பினர். அது திரும்ப நம் நாட்டுக்கு வந்தபோது, வந்த நாட்டின் பெயராலேயே 'சீனி' என்றழைக்கப்பட்டது. நம் பாட்டிமார் காப்பியில் இட்ட 'சீனி'யின் பெயரில் சீனம் இருக்கிறது. அதே பொருளைச் 'சர்க்கரை' என்னும்போது வடமொழி பேசுகிறது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கணக்குப் பார்க்கப் புகுந்தால் அக்கணக்கு முடியாது.

இனிப்பும் புளிப்பும் சேர்ந்த விலா எலும்புக் கறி சீனத்தின் பல மாநிலங்களில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. அவ்வெலும்புக் கறி எலும்பற்ற 'கூ லோ யுக்' ஆன கதை தென்சீனத் துறைமுகமாகிய குவாங்சௌவில் நிகழ்ந்தது. மேலைநாட்டார் கான்டன் என்றழைத்த நகரம் அது. 1757 முதல் சீனப் பேரரசு, மேலைநாட்டுக் கடல்வணிகம் முழுவதையும் இந்த ஒரே துறைமுகத்துக்குள் அடக்கியது. ஆங்கிலேயரும் பிறரும் முத்தாற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியில், வணிகப் பருவத்தில் மட்டும் தங்கலாம். நகரின் மதிலுக்குள் நுழையலாகாது. மனைவியரை அழைத்து வரலாகாது. தேயிலையும் பட்டும் பீங்கானும் வெளியே சென்றன. வெள்ளி உள்ளே வந்தது. அந்த வெள்ளியை மீட்க ஆங்கிலேயர் கண்ட வழிதான் அபினி. அந்த அபினி விளைந்தது நம் நாட்டில், கங்கைச் சமவெளியின் வயல்களில் என்பதை நாம் மறத்தல் ஆகாது. சீனம் அதைத் தடுத்தபோது போர் மூண்டது. 1842-இல் நான்கிங் உடன்படிக்கை, ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. ஹாங்காங் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

இக்காலத்தை ஒட்டியே அந்தச் செவிவழிக் கதையும் வழங்குகிறது. குவாங்சௌவில் தங்கிய வெளிநாட்டார்க்கு இனிப்பும் புளிப்பும் மிகப் பிடித்தன. ஆனால் எலும்பை வாயிலிட்டுச் சுவைத்துத் துப்பும் பழக்கம் அவர்க்கில்லை. எனவே சமையற்காரர்கள் எலும்பை நீக்கி, சதையை உருண்டைத் துண்டுகளாக்கிக் கொடுத்தனர் என்பர். 'கூ லோ' என்பதற்கும் இரு விளக்கம் கூறுவர். ஆவலோடு எச்சில் விழுங்கும் ஓசை என்பர் சிலர். 'பழமையான' எனப் பொருள்படும் சொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், விருந்தினரின் இயலாமையைக் கண்டு தன் வழக்கத்தைச் சற்றே தளர்த்திக்கொண்ட ஒரு சமையற்காரனை இக்கதை நினைவில் வைத்திருக்கிறது. அவன் தன் நாட்டைப் பீரங்கியால் மிரட்டியவருக்கும் பசியாற்றினான்.

வடகோடியிலும் இத்தகைய ஒரு கதை உண்டு. ஹார்பின் நகரில் ஆளுநர் மாளிகைச் சமையற்காரராயிருந்த செங் சிங்வென், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்துபோன ருசிய விருந்தினருக்காக உப்புச் சுவை மிக்க ஒரு பன்றிக் கறியை இனிப்பும் புளிப்புமாக மாற்றினார் என்றும், அதுவே இன்றைய 'குவோ பாவ் ரோ' என்றும் கூறுவர். கொரியாவில் 'தாங்சுயுக்', ஜப்பானில் 'சுபுதா' என இதன் உறவுகள் இன்னும் பல.

இனி, தட்டிலுள்ள பிற பொருள்களைப் பார்ப்போம். அன்னாசி, தக்காளி, குடைமிளகாய் ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்தவை. 1493-இல் கொலம்பசும் அவர் தோழரும் குவாதலூப் தீவில் அன்னாசியைக் கண்டனர். போர்த்துகீசியரின் கப்பல்களில் அது ஆசியாவுக்கு வந்து, 1557 முதல் அவர்கள் குடியிருந்த மக்காவ் வழியே தென்சீனத்தில் வேரூன்றியது. போலந்து நாட்டு இயேசு சபைத் துறவி மிக்கேல் போயிம் 1656-இல் வியன்னாவில் வெளியிட்ட 'ஃப்ளோரா சினென்சிஸ்' என்னும் நூலில், சீனத்தில் விளையும் செடிகளுள் ஒன்றாக அன்னாசியும் படத்துடன் இடம்பெற்றுள்ளது. வந்த ஒரு நூற்றாண்டிற்குள்ளாகவே அந்நியப் பழம் சீனப் பழமாகிவிட்டது. தக்காளியின் சீனப் பெயரோ இன்றளவும் 'அந்நியக் கத்தரிக்காய்' என்றே பொருள்படுகிறது. பெயரில் அந்நியம் எஞ்சியிருக்க, சுவையில் அது வீட்டுப் பிள்ளையாயிற்று.

தக்காளிச் சாஸின் பயணம் இன்னும் வியப்புக்குரியது. 'கெச்சப்' என்னும் ஆங்கிலச் சொல், தென்சீனத்து ஹொக்கியென் மக்கள் தங்கள் மீன் சாற்றுக்கு வழங்கிய பெயரிலிருந்து பிறந்ததாக மொழியறிஞர் கருதுவர். கடலோடிகள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே காளான், அக்ரோட்டு எனப் பலவற்றாலும் கெச்சப் செய்து பார்த்தனர். 1812-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மீஸ் என்பவர் தக்காளியால் செய்யும் முறையை வெளியிட்டார். பின்னர் அது புட்டியில் அடைக்கப்பட்டு, ஹாங்காங்கின் சமையற்கூடத்துக்குத் திரும்பி வந்து, இக்குழம்பின் செந்நிறமாயிற்று. ஹாங்காங் சமையலார் சிலர் இக்குழம்பில் ஆங்கிலேயரின் வூஸ்டர் சாஸையும் சேர்ப்பர். அந்தச் சாஸின் புளிப்பில் நம் புளியம்பழத்துக்கும் பங்குண்டு.

ஆக, "இது உண்மையான சீன உணவா?" என்ற கேள்வியே சற்று ஆட்டங்காண்கிறது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கடல்கடந்து வந்தவை என்பதால் நம் சாம்பாரும் மசாலாவும் தமிழல்ல என்று நாம் சொல்லத் துணிவோமா?

எனினும் நம்மை உறுத்த வேண்டிய கேள்வி வேறொன்று. உணவை ஏற்ற உலகம், அதைச் சமைத்த மனிதனை ஏற்றதா?

1848-இல் தொடங்கிய பொன்வேட்டைக் காலத்தில் கான்டன் வட்டாரத்தார் ஆயிரக்கணக்கில் கலிபோர்னியா சென்றனர். 1869-இல் நிறைவுற்ற கண்டங்கடந்த இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியில், மலையைக் குடைந்தும் பனியில் புதைந்தும் உழைத்தோருள் பெரும்பாலோர் அவர்களே. பாதை முடிந்தது, வேலையும் முடிந்தது, வெறுப்பு மட்டும் வளர்ந்தது. 1882-இல் அமெரிக்க அரசு, சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடுக்கும் சட்டத்தை இயற்றியது. ஏற்கெனவே அங்கிருந்தோர் குடியுரிமை பெறவும் வழியில்லாமற்போயிற்று. பிற தொழில்களின் கதவுகள் அடைபட்டபோது, துணி வெளுத்தலும் சமைத்தலுமே அவர்களுக்கு எஞ்சின. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளரையும் வணிகராகக் கருத இடம் தந்தது. வணிகர்க்கு நுழைவு உண்டு என்பதால், அதன்பின் சீன உணவகங்கள் விரைந்து பெருகின. வெள்ளையர் நாவுக்கேற்ப இனிப்பைக் கூட்டியவரை 'போலி' என்று எள்ளுவோர், அந்த இனிப்பு ஒரு குடும்பம் ஒன்றுசேர்வதற்குக் கொடுத்த விலை என்பதை அறியார். 1943-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அப்போதும் ஆண்டுக்கு 105 சீனர்க்கே இடமளிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் கதையும் மாறுபட்டதன்று. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த சீன மாலுமியருள் பல நூற்றுவர், 1945–46-இல் லிவர்பூல் நகரிலிருந்து இரகசியமாக வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் அங்கேயே மணந்து மக்களைப் பெற்றவரும் இருந்தனர். கணவன் எங்கே போனான் என்றறியாது, தம்மைக் கைவிட்டான் என்றே நம்பிக் கண்ணீர் வடித்த பெண்கள் உண்டு. பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே பிள்ளைகள் உண்மையறிந்தனர். பின்னாளில் அதே நாட்டின் தெருக்கள்தோறும் ஹாங்காங்கிலிருந்து வந்தோர் உணவுக்கடை திறந்தனர்; இனிப்பும் புளிப்புமான பன்றிக் கறியை ஆங்கிலேயர் விரும்பி வாங்கிச் சென்றனர்.

பிற நாட்டாரைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், தோங் ஆச்சியூ என்னும் சீனர் கல்கத்தாவுக்கு அருகே ஊக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை நிறுவினார். அவர் பெயராலேயே அவ்வூர் ஆச்சிப்பூர் எனப்பட்டது. அவரைத் தொடர்ந்து வந்தோர் தோல் பதனிட்டனர், தச்சு வேலை செய்தனர், பற்களைச் சீர்செய்தனர், உணவகம் நடத்தினர். இந்தியாவில் பிறந்து இந்திய மொழி பேசிய தலைமுறைகள் உருவாயின. 1962-இல் எல்லைப் போர் மூண்டது. அசாம், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர், குழந்தைகளும் முதியவரும் உட்பட, எக்குற்றமும் மெய்ப்பிக்கப்படாமலே இராசத்தானின் தியோலி முகாமுக்குத் தொடர்வண்டியில் கொண்டுசெல்லப்பட்டனர். சிலர் 1967 வரை அங்கேயே அடைபட்டிருந்தனர். திரும்பி வந்த பலர், தம் வீடும் கடையும் பிறர் கைக்குப் போயிருக்கக் கண்டனர். எஞ்சியோருள் பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் புறப்பட்டுவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற சுவையைத்தான் இன்று நம் தள்ளுவண்டிகள் விற்கின்றன. உணவு தங்கிவிட்டது, உணவளித்தவர் போய்விட்டனர்.

பந்தியில் ஒருவனோடு அமர்ந்துண்பது அவனை உறவாக ஏற்பதற்கு அடையாளம் என்று நம் முன்னோர் கருதினர். 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்று நம் மக்கள் இன்றும் சொல்வர். சுவையை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதனை வாசலில் நிறுத்துவது அந்த இரண்டகத்தின் நாகரிக வடிவமே. இது சீனர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் வீடுகளைக் கட்டவும் நம் உணவகங்களில் பாத்திரம் துலக்கவும் வடமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் இளைஞரை நாம் எந்தப் பெயரிட்டு அழைக்கிறோம் என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது நன்று.

யான் யிங்கின் குழம்புக்கே மீண்டும் வருவோம். காடி தன் புளிப்பை விட்டுவிடவில்லை; சர்க்கரை தன் இனிப்பை இழக்கவில்லை. ஒன்று மற்றொன்றை அழித்திருந்தால் குழம்பு கெட்டிருக்கும். ஒன்றையொன்று தணித்து, ஒன்றையொன்று உயர்த்தி நிற்பதாலேயே நாம் அதைச் சுவைக்கிறோம்.

அடுத்த முறை வீட்டில் இதனைச் சமைக்க முனைவோர், குழம்பு கொதிக்கும்போது ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு மிகுந்தால் சிறிது சீனி சேருங்கள். இனிப்பு மிகுந்தால் சிறிது காடி விடுங்கள். பின்னர் தட்டுகளை எடுத்து வைக்கும்போது, கூடுதலாக ஒன்றை வைத்து, இதுவரை நம் வீட்டுக்கு அழைக்காத ஒருவரை அழைத்து உடன் அமரச் செய்யுங்கள்.